கலங்கலும் மங்கலும்: டீச்சர் பதில்கள்

போன இதழில் ஒரு வாசகி, கைப்பேசியில் எடுத்த கல்யாணப் படம் 'கலங்கலாக' விழுந்துவிட்டது என்று புலம்பியிருந்தார். போகிற போக்கில், 'படம் கலங்காது, மங்கும். கலங்குவதற்குத் தண்ணீர் வேண்டும்' என்று ஒரு வரி போட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது என் மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு இருக்கின்றன. "கல்லை எறிஞ்சு குளத்தையே கலக்கிட்டீங்க டீச்சர்" என்கிறார் உதவி ஆசிரியர் தம்பி. ஆகவே இந்த முறை முழுக்கக் கலங்கல்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

படம் கலங்காது என்று எந்த இலக்கணம் சொல்கிறது? மக்கள் பேசுவதுதானே மொழி? (திண்டுக்கல்)

இலக்கணம் சொல்லவில்லை ஐயா, கண்மாய் சொன்னது.

மேலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பா ஊருக்கே நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு நேரம் என்பது அவர் மண்வெட்டியில் இருந்தது. கூலி காசாக வராது. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாக அளப்பார்கள். 1895-ல் பெரியாற்றில் அணை கட்டி மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய தண்ணீர், வைகையில் விழுந்து, பேரணையில் வாய்க்காலுக்குள் புகுந்து எங்கள் கண்மாய்க்கு வரும். வாய்க்கால் வறண்டு கிடந்துவிட்டு முதல்நாள் வருகிற தண்ணீரைப் பார்க்க வேண்டும். செங்கல்லை இடித்துக் கரைத்த நிறம். நுரை, சருகு, எங்கோ யாரோ விட்ட செருப்பு எல்லாம் சேர்ந்து வரும். அப்பா அதில் ஒரு செம்பு மொண்டு வந்து திண்ணையில் வைப்பார். நான் எட்டிப் பார்ப்பேன், செம்பின் அடி தெரியாது. "ஆட்டாம வையி. விடியிறதுக்குள்ள தெளிஞ்சிரும்" என்பார். விடிந்து பார்த்தால் மேலே முக்கால் செம்பு கண்ணாடி மாதிரி. அடியில் ஒரு விரற்கடைக்கு வண்டல்.

கலங்கல் என்ற சொல்லை நான் கற்றது அந்தச் செம்பில். கலங்கலுக்கு மூன்று லட்சணம் உண்டு. ஏதோ ஒன்று உள்ளே கலந்திருக்கும். யாரோ, எதுவோ அதை அசைத்திருக்கும். அசைப்பதை நிறுத்தினால் தானாகவே அடங்கும். இப்போது உங்கள் படத்தைத் திண்ணையில் வையுங்கள். விடிய விடிய வைத்தாலும் தெளியாது. அங்கே குறைந்தது வெளிச்சம், அல்லது எடுத்தவர் கை நடுங்கியிருக்கிறது. அது மங்கல்.

மக்கள் பேசுவதுதான் மொழி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மக்கள் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார்களே! பொழுது சாய்ந்து ஆள் முகம் பிடிபடாத நேரத்துக்கு மசங்கல். மலைமேல் பனி இறங்கினால் மூட்டம். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் சுற்றி வளைத்தால் பூடகம். கேட்ட கேள்விக்கு எதையோ சொல்லி நழுவினால் மழுப்பல். எழுத்து தேய்ந்த பழைய காசு மழுங்கல். இத்தனையும் பரணில் கிடக்க, எல்லாவற்றுக்கும் 'தெளிவற்ற' என்ற ஒரே முத்திரையைக் குத்துகிற பழக்கம் செய்திக்காரர்களிடம் வந்திருக்கிறது. 'தெளிவற்ற குடிநீர்', 'தெளிவற்ற வானிலை', 'தெளிவற்ற பதில்'. படிக்கும்போது வாயில் மண் அகப்பட்ட மாதிரி இருக்கிறது. கைப்பேசியில் படத்தின் பின்பக்கத்தைக் குழைக்கிற இடத்தில் 'மங்கலாக்கு' என்று போட்டிருக்கிறார்கள். போட்ட புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

'கலங்கள்' சரியா, 'களங்கல்' சரியா? எங்கள் தெருவில் 'களங்களான குடிநீரைக் கண்டித்து' என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். (சென்னை)

மூன்றும் மூன்று ஊர். கலங்கல் என்றால் சேறு கலந்த நிலை. கலங்கள் என்றால் பாத்திரங்கள், கப்பல்கள். 'விண்கலங்கள்' என்கிறோமே, அது. களங்கள் என்றால் நெல்லடிக்கிற இடங்கள், போர் நடக்கிற இடங்கள். 'களங்கல்' என்று ஒரு சொல் கிடையாது. ஆக, உங்கள் தெருக்காரர்கள் போர்க்களமான குடிநீரைக் கண்டித்திருக்கிறார்கள். குழாயடியைப் பார்த்தவர்கள் அதைப் பிழை என்று சொல்லமாட்டார்கள்.

'களங்கம்' வேறு. வடமொழியிலிருந்து வந்தது, கறை என்று பொருள். கறை தங்கிவிடும், கலங்கல் தங்காது. 'கலகம்' கூட வடமொழிக் 'கலஹ'த்திலிருந்து வந்ததாகத்தான் அகராதிக்காரர்கள் காட்டுகிறார்கள். உருவம் ஒத்திருப்பதால் ஒரே வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் பக்கத்தில் ஏரி நிறைந்து வழிகிற இடத்துக்குப் பெயரே கலங்கல். 'ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் போகிறது' என்பார்கள். கலங்கின தண்ணீர் போவதால் வந்த பெயரா டீச்சர்? (மதுராந்தகம்)

இந்தக் கேள்வியை எடுத்துவைத்து இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டுச் சொல்.

உங்கள் பக்கம் கலங்கல். எங்கள் மதுரைப் பக்கம் கலுங்கு. அகராதியில் தேடினால் கலிங்கு, கலிங்கல் என்று கிடைக்கும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் 'ஏரி கோடி போயிடுச்சு' என்பார்கள். திருநெல்வேலியில் 'குளம் மறுகால் பாயுது'. எல்லாம் ஒன்றுதான்: ஏரிக்கரையின் ஒரு ஓரத்தில், கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய சுவர். கதவு கிடையாது, பூட்டு கிடையாது. தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்தால் தானாகவே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு இதற்கு அவர்கள் மொழியில் சொல் அகப்படவில்லையோ என்னவோ, நம் சொல்லையே 'கேலிங்குலா' என்று வாயில் போட்டுக் குதப்பி அறிக்கைகளில் எழுதிவிட்டார்கள். 1886-ல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் அது தமிழ்ச் சொல் என்று குறித்தே இருக்கிறது.

சுவரின் மேல் குத்துக்கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள், பல்வரிசை மாதிரி. மழை முடிகிற தறுவாயில் அந்தக் கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் ஏரியில் இன்னும் ஓர் அடி தண்ணீர் நிற்கும். அந்த ஓர் அடிதான் சண்டை. அடைத்தால் மேலே நீர்பிடிக்குள் இருக்கிற பட்டா நிலம் முழுகும். அடைக்காவிட்டால் ஆயக்கட்டில் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. எங்கள் கண்மாயில் ஒரு கார்த்திகை இரவு யாரோ வந்து அடைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். அப்பா லாந்தரோடு கலுங்கில் போய் நின்றார். கையில் மண்வெட்டி இருந்தது, ஆனால் முன்னால் நின்ற ஆளைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிட்டார். யார் என்று கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை. மறுவருஷம் அந்தக் கலுங்கில் காவலுக்கு மட்டும் இரண்டு பேர் கூடுதலாகப் போட்டார்கள்.

நீங்கள் மதுராந்தகத்துக்காரர் என்பதால் இதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கலங்கல் தாங்காது, கரை உடையும் என்கிற பயம் எவ்வளவு பெரியது என்பதற்கு உங்கள் ஊர் ஏரிகாத்த ராமரே சாட்சி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, கொட்டுகிற மழையில் கரையைப் பார்க்கப் போனபோது வில்லேந்திய இருவர் காவல் நின்றதைக் கண்டார் என்பது கதை.

இனி உங்கள் கேள்வி. கலங்கின தண்ணீர் போவதால் கலங்கலா? கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்பா ஒப்பமாட்டார். கலுங்கில் போவது மேல்தண்ணீர், மடையில் போவது அடித்தண்ணீர். சேற்றை இழுத்துக்கொண்டு போவது மடைதான். அதற்கென்றே ஏரிக்குள் கட்டிய பழைய மடைகளான குமிழித்தூம்புகளில் கீழே 'சேறோடித் துளை' என்று தனியாக வைத்துக் கட்டினார்கள், மேலே 'நீரோடித் துளை'. ஆகவே ஏரிக் கலங்கலையும் சேற்றுக் கலங்கலையும் நான் முடிச்சுப் போடமாட்டேன். பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருப்பதில்லையா?

எங்கட பக்கம் 'குளம் வான் பாயுது' என்றுதான் சொல்லுவம். கலிங்கு, கலங்கல் பேச்சிலை வாறதில்லை. 'கலங்கல் தண்ணி' மட்டும் இருக்கு. (கிளிநொச்சி)

வான் பாய்தல்! உங்கள் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த செய்தி வரும்போதெல்லாம் இங்கே சிலர் வானத்தைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் செய்தியைப் படிக்கிறார்கள். சேர்த்துக்கொண்டேன். கோடி, மறுகால், கலுங்கு, கலங்கல், வான். ஒரே வேலைக்கு ஐந்து சொல்.

சங்க இலக்கியத்தில் 'கலங்கல்' உண்டா? உண்டென்றால் என்ன பொருளில்? (தஞ்சாவூர்)

உண்டு. என்ன பொருளில் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கள்.

புறநானூற்றில் 298-ஆம் பாட்டு. ஐந்தே வரிதான். ஒரு படைவீரன் பேசுகிறான், தன் அரசனைப் பற்றிக் குறை சொல்கிறான்:

'எமக்கே கலங்கல் தருமே, தானே
தேறல் உண்ணும் மன்னே...'

எங்களுக்குக் கலங்கலைக் கொடுப்பான், தான் தேறலைக் குடிப்பான். அப்படி இருந்தவன், இப்போது பகைவன் கோட்டையை வளைத்து நிற்கிற நேரத்தில் 'நீ முந்து' என்று எங்களைச் சொல்லமாட்டேன் என்கிறானே. நல்லவன் இல்லை இவன்! இதுதான் புகார். கலங்கல் என்பது அடிமண்டியோடு இருக்கிற கள். தேறல் என்பது இறுத்துத் தெளியவைத்தது. எங்களுக்கு மப்பு ஏறுகிற சரக்கைக் கொடுத்தானே, அந்த மப்போடு முதலில் பாய எங்களை விடாமல் தானே முந்துகிறானே என்று அன்பில் திட்டுகிறான் என்று நான் படிக்கிறேன். வகுப்பில் இதை நடத்தும்போது கடைசி பெஞ்சு பையன்கள் அன்று மட்டும் முதல் பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது கலங்கல், தேறல் என்கிற ஜோடி. தேறு என்றால் தெளி. கள் தேறினால் தேறல். காய்ச்சலில் கிடந்தவன் எழுந்து கஞ்சி குடித்தால் 'உடம்பு தேறிருச்சு' என்கிறோம். பத்தாம் வகுப்பில் பிள்ளை பாஸானால் 'தேறிட்டான்'. இழவு வீட்டில் தோளைப் பிடித்துக்கொண்டு நாம் செய்வது தேற்றுதல். இந்தப் பிள்ளை தேறுமா என்று எத்தனை பெற்றோர் என்னிடம் கேட்டிருப்பார்கள்! கள்ளுப்பானைக்கும் சொன்ன சொல்லால் கேட்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் சொன்னதில்லை, கமிட்டி கூட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, ஐங்குறுநூறு 203. கட்டிக்கொண்டு போன பெண் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவன் ஊரில் தண்ணீர் எப்படி என்ற பேச்சு வருகிறது. அவள் சொல்கிறாள்: நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனியது, அவர் நாட்டில் இலைதழை மூடிய கிணற்றின் அடியில் மான் குடித்துவிட்டு மீதம்வைத்த 'கலிழி நீர்'. கலிழி என்றாலும் கலங்கல்தான். கபிலர் பாட்டு. அவள் கலங்கல் தண்ணீர் என்பதை மறைக்கவே இல்லை பாருங்கள். மான் வாய்வைத்து மீதம் என்றும் சொல்கிறாள், இலைதழை கிடக்கிறது என்றும் சொல்கிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு 'இனிய' என்கிறாள். புதுசாகக் கட்டிக்கொடுத்த பெண் போனில் "அங்க தண்ணி சப்பையா இருக்கும்மா, ஆனா பழகிருச்சு" என்று சொன்னால் அம்மாவுக்கு எல்லாம் புரியுமே, அதுதான் இது.

'கலுழ்' என்று ஒரு பழைய சொல்லும் இருக்கிறது. அதற்கு அழுவது என்றும் பொருள், கலங்குவது என்றும் பொருள். 'கண்தாம் கலுழ்வ தெவன்கொலோ' என்று 1171-ஆம் குறள் தொடங்கும். அவரைக் காட்டித் தந்ததே இந்தக் கண்கள்தான், இப்போது இவையே எதற்கு அழுகின்றன என்கிறாள் காதலனைப் பிரிந்தவள். இன்றைக்கு நாம் 'கண் கலங்கிட்டார்' என்கிறோம். அழுதார் என்று சொன்னால் கண்ணீர் கீழே விழுந்துவிட்டது. கலங்கினார் என்றால் இன்னும் விழவில்லை, கண்ணிலேயே நிற்கிறது.

எங்கள் பகுதியில் ஒரு வாரமாகக் கலங்கலாகத் தண்ணீர் வருகிறது. புகார் கொடுத்தால் '4 என்.டி.யு., அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்' என்று துண்டுச்சீட்டு தருகிறார்கள். இது என்ன பாஷை? (விருதுநகர்)

கலங்கலை அளக்கிற பாஷை. தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, மிதக்கிற துகளில் பட்டு அது எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்குக்குப் பெயர் என்.டி.யு. இந்தியத் தரநிலை 10500-இன்படி குடிநீரில் அது 1-க்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 5 வரை போகலாம். ஆகவே அந்தத் துண்டுச்சீட்டு பொய்யில்லை, பாதி உண்மை. 'வேறு வழி இல்லையென்றால்' என்கிற பாதியை விட்டுவிட்டார்கள். அடுத்தமுறை போகும்போது அந்தப் பாதியைக் கேளுங்கள். 4-ஐத் தாண்டினால் சாதாரணக் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்துவிடும் என்பார்கள். நீங்கள் கண்ணால் பார்த்தது சரிதான்.

வீட்டில் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாட்டுமருந்துக் கடையில் தேற்றாங்கொட்டை கிடைக்கும். பொத்தான் அளவு, வெளிறின நிறம். அம்மா அதை மண்பானையின் உள்பக்கம் வட்ட வட்டமாக உரசிவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுவாள். கல்லில் இழைத்துக் கலப்பவர்களும் உண்டு. தண்ணீரில் தனித்தனியாக மிதக்கிற மண்துகள்களை அது ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். கனம் கூடியதும் அவை அடியில் இறங்கிவிடும். படிக்காரம் செய்வதும் இதே வேலைதான். கொட்டையின் பெயரைப் பார்த்தீர்களா, தேற்றா! கலித்தொகையில் நெய்தற்கலிப் பாட்டு ஒன்றில், பிரிவில் புத்தி பேதலித்துத் திரிந்தவள், அவன் வந்ததும் தெளிகிறாள். எப்படி? 'கலஞ்சிதை இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல்.' இல்லம் என்பது தேற்றா மரத்தின் பழைய பெயர், காழ் என்பது கொட்டை. கலத்தில் தேய்த்த தேற்றாங்கொட்டை கலங்கல் நீரைத் தெளியவைத்த மாதிரி. அம்மாவுக்குக் கலித்தொகை தெரியாது, உரசத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் இல்லை. கொட்டையோ படிக்காரமோ மண்ணை இறக்கும், கிருமியைக் கொன்றுவிட்டதாக நினைக்காதீர்கள். தெளியவைத்து, மேல்தண்ணீரை இறுத்து, கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

முட்டைக் 'கலக்கி' எந்தக் கலக்கல்? (பொள்ளாச்சி)

கலக்கியது யார் என்று பார்த்தால் பரோட்டாக் கடை மாஸ்டர். நான் முதன்முதலில் பார்த்தது கோவையில், மகள் வீட்டுக்குப் போனபோது. ஒரு டம்ளரில் முட்டையை உடைத்து ஊற்றி, உப்பு, மிளகுத்தூள், கரண்டிநுனியில் கொஞ்சம் சால்னா விட்டு 'டக் டக்'கென்று அடித்தார். காய்ந்த கல்லில் ஊற்றினார். ஓரம் வெந்ததும் வேகாததுமாக நாலு பக்கமும் மடித்து இலையில் தள்ளிவிட்டார். ஊற்றியதற்கும் தள்ளியதற்கும் நடுவே நான் மூன்று வரை எண்ணியிருப்பேன். உள்ளே இன்னும் கொழகொழவென்று ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது உண்மை. சாப்பிட்டதும் இன்னொன்று சொன்னேன் என்பதும் உண்மை.

'கலக்கிட்டே!' என்று பாராட்டுவது எப்படி வந்தது? கலக்குவது கெட்ட காரியம் இல்லையா? (திருச்சி)

குளத்தைக் கலக்கிப் பருந்துக்கு விட்ட கதையில் கெட்டதுதான். உழைத்தவனுக்கு மீன் இல்லை. கலங்கின குட்டையில் மீன் பிடிப்பதும் நல்ல பெயர் வாங்கவில்லை. மலையாளத்திலும் 'கலக்கவெள்ளத்தில் மீன்பிடிக்குக' என்று இதே வசவு இருக்கிறது. ஆனால் எதிரியைக் கலங்கடிப்பது வீரம். படையைக் கலக்கியவன், சபையைக் கலக்கியவன், மேடையைக் கலக்கியவன் என்று வந்து, பிறகு யாரைக் கலக்கினான் என்பது உதிர்ந்துபோய் வெறும் 'கலக்கிட்டான்' மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பது என் கணக்கு. இப்போது கோலம் நன்றாக இருந்தாலும் கலக்கல்தான்.

கலக்குவதை ஊரே கூடிச் செய்கிற நாளும் உண்டு. கோடையில் கண்மாய் வற்றி இடுப்பளவுக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா. சாமி கும்பிட்டுவிட்டு ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒரு கால் தண்ணீரில் படக்கூடாது. வீசினதும் ஆயிரம் கால் ஒரே நேரத்தில் இறங்கும். ஊத்தா என்று ஒரு மூங்கில் கூடை, மேலும் கீழும் திறந்திருக்கும். அதைத் தண்ணீருக்குள் குத்திக் குத்திக் கவிழ்த்து, உள்ளே ஏதாவது துள்ளினால் மேல்வாய் வழியாகக் கையைவிட்டு எடுப்பார்கள். கால்மணி நேரத்தில் கண்மாய் மொத்தமும் குழம்புச்சட்டி. சேற்றில் மூச்சுமுட்டிக் கெண்டையும் கெளுத்தியும் மேலே வந்து வாயைப் பிளக்கும். அன்றைக்குப் பிடித்த மீனை விற்பதில்லை. ஊரில் எந்த வீட்டு அடுப்பிலும் அன்று மீன் வாசம். மூன்றாம் நாள் அப்பாவோடு கரைக்குப் போனால், எஞ்சிய தண்ணீர் ஒன்றுமே நடக்காத மாதிரி தெளிந்து கிடக்கும்.

என் மாமியார் 'வயித்தைக் கலக்குது' என்றால் பயமா, பேதியா என்று கண்டுபிடிப்பது எப்படி? (கரூர்)

எந்தப் பக்கம் நடக்கிறார் என்று பாருங்கள்.

'கலங்கரை விளக்கம்' என்பது கலங்கும் கரைக்கு விளக்கம்தானே? (தூத்துக்குடி)

அழகான தப்பு. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறதே, அது. கப்பலை வாவென்று அழைக்கிற விளக்கு. 'இலங்குநீர் வரைப்பில் கலங்கரை விளக்கமும்' என்று சிலப்பதிகாரத்தில் புகார்க் கடற்கரையைச் சொல்லும்போது வருகிறது.

மனம் கலங்கியிருக்கும்போது முடிவெடுக்கலாமா டீச்சர்? (பெயரும் ஊரும் வேண்டாம்)

உங்கள் கடிதத்தின் மற்ற மூன்று பக்கத்தையும் படித்தேன் அம்மா. 668-ஆம் குறள் 'கலங்காது கண்ட வினைக்கண்' என்று தொடங்கும். கலங்காமல் ஆராய்ந்து கண்ட வேலையைத் தள்ளிப்போடாதே என்கிறார். அவர் அவசரப்படச் சொல்வது செய்வதற்கு, காண்பதற்கு இல்லை. நீங்கள் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். பத்திரத்தை யாரிடமும் கொடுக்காமல் உங்கள் பெட்டியில் வையுங்கள். தனிக்கடிதம் எழுதுகிறேன்.

டீச்சர், நான் உங்களிடம் படித்தவள். இப்போது ஒரு கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நீங்கள் புரை ஆபரேஷனுக்கு வந்திருந்தபோது டாக்டர் 'எப்படித் தெரியுது?' என்று கேட்டார். 'எல்லாம் கலங்கலாத் தெரியுது' என்றீர்கள். பக்கத்தில் நான்தான் நின்றேன். போன இதழைப் படித்துவிட்டுச் சிரிப்பு தாங்கவில்லை. (மதுரை)

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நின்றது நீதானா? குரல் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன்.

சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணில் சொட்டு சொட்டாக மருந்தை விட்டு வழியவழிய உட்காரவைத்திருந்தீர்களே, கண் முழுக்க அப்போது தண்ணீர்தானே? தண்ணீர் இருந்தால் கலங்கல் செல்லும். புரை என்பது மங்கல்தான், மருந்து என்பது கலங்கல். டாக்டர் எதைக் கேட்டார் என்று அவரே சொல்லவில்லை.

சரி, சாக்குதான். பத்தாம் வகுப்பில் உனக்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருப்பேன், அதை இப்போது போட்டுக்கொள்.